ஜப்பான் வண்டியில் ஏறாதவர்

துபாயில் இருந்துகொண்டு ஜப்பான் வண்டியில் ஏற மாட்டேன் என்று ஒருவர் சொன்னால், அவர் நடக்கத்தான் வேண்டும். நான் அங்கே பிக்கப் ஓட்டிய காலத்தில் டாக்சி ஜப்பான். ஆளேற்றும் வேன் ஜப்பான். போலீஸ்காரன் வண்டி ஜப்பான். எனக்கு விசா கொடுத்த அரபி முதலாளி, என் கஃபீல், வெள்ளிக்கிழமை மணல்மேட்டில் ஏற்றி இறக்கி விளையாடும் வண்டியும் ஜப்பான். அந்த ஊரில் வந்து கடை போட்டுக்கொண்டு, அப்படி ஒரு வைராக்கியத்தோடு ஒரு சீனத்து அம்மா இருந்தார்.

ஊருக்கு வெளியே மணலில் சீனர்களுக்கென்று ஒரு பெரிய சந்தை இருந்தது. குழாய், பூட்டு, விளக்கு, கக்கூஸ் கோப்பை, கல்யாண மாலை, எல்லாம் கிடைக்கும். அந்தம்மா விற்றது சத்தம். தீ மணி, திருட்டு மணி, ஒலிபெருக்கி, சைரன். கரண்ட் இல்லாத கல் குவாரிகளுக்காகக் கையால் சுற்றும் சைரன்கூட வைத்திருந்தார். நாள் முழுக்கக் கடைவாசலில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைப் பல்லால் உடைத்துத் தின்பார். தோலை ஓர் அட்டைப் பெட்டியில் துப்புவார். நாற்பத்தைந்து டிகிரி வெயிலிலும் ஃபிளாஸ்கில் வெந்நீர். சிரித்து நான் பார்த்தது குறைவு.

அங்கே நான் வாடகைக்குச் சாமான் ஏற்றப் போவேன். முதல் தடவை ஒரு குவாரிக்கு சைரன் ஏற்றினேன். மாட்டிக் காட்ட அந்தம்மாவும் வர வேண்டும். "ஏறுங்க மேடம்" என்றேன். அவர் ஏறவில்லை. வண்டியைச் சுற்றி முன்பக்கம் போனார். மூக்கில் இருந்த சின்னத்தைப் பார்த்தார்.

"ஜப்பான்?"

"ஆமா, ஜப்பான். நல்ல வண்டி."

"ஜப்பான் வண்டி மாஃபி" என்றார். கிடையாது என்று அர்த்தம். முடிந்தது.

நாங்கள் பேசியது கடைத்தெரு இந்தி. பாதி இந்தி, கொஞ்சம் அரபி, மீதி கை. அதைத் தமிழில் எழுதும்போது அலங்காரம் செய்ய எனக்குத் தெரியாது.

நான் குவாரிக்குப் போய்விட்டேன். அந்தம்மா இரண்டு பஸ் மாறி, கடைசி நிறுத்தத்திலிருந்து வெயிலில் நடந்து வந்து சேர்ந்தார். அதுவரை குவாரிக்காரன் திட்டித் தீர்த்தது என்னை. எனக்கு எரிச்சல். "சைரன் ஜப்பான் வண்டியில வரலாம், நீங்க வரக் கூடாதா?" என்று கேட்டேன்.

"சைரன் சாமான். நான் ஆள்" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு லோடுக்கும் இதே கூத்து. வண்டி மூக்கைப் பார்ப்பார். "வண்டி மாறினதா?" என்பார். "இல்லை" என்பேன். பஸ்ஸுக்குப் போய்விடுவார். ஏதோ நான் வாரத்துக்கு ஒரு வண்டி வாங்கும் ஷேக் மாதிரி.

ஒரு நாள் சீண்டிப் பார்த்தேன். சந்தை முழுவதற்கும் கூரையில் பெரிய ஏசி. "மேடம், இந்தக் காத்து எந்த ஊரு தெரியுமா? மேல இருக்கற மெஷின் ஜப்பான்" என்றேன். அந்தம்மா நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். விதை உடைப்பது நின்றது. மறுநாள் போனால், அவர் கடைக்கு நேரே மேலே இருந்த காற்று வரும் வாயில் அட்டை வைத்து அடைத்திருந்தார். வந்த வாடிக்கையாளர்கள் வியர்த்து ஓடினார்கள். நானும்தான் உள்ளே நின்று சாமான் தூக்கி வியர்த்தேன். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்பது இதுதான்.

பக்கத்துக் கடைச் சீனப் பையன்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். விளக்குக் கடைக்காரன் பளபளவென்று ஒரு ஜப்பான் கார் வைத்திருந்தான். "அது பழைய கதை. எங்க அப்பா பிறக்காத காலம். இந்தம்மாவுக்குப் பைத்தியம்" என்று என்னிடம் சொன்னான். இப்படிச் சொல்பவன் எல்லா ஊரிலும் இருக்கிறான். அவனிடம்தான் நல்ல காரும் இருக்கும்.

என்ன பழைய கதை என்று எனக்கு ஒரு செப்டம்பர் மாதச் சாயங்காலம் தெரிந்தது. லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். அந்தம்மா முக்காலியிலிருந்து எழுந்தார். ஜாக்கெட் பொத்தானைக் கழுத்துவரை போட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த சிவப்பு சைரனின் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, தலையைக் குனிந்து நின்றுவிட்டார்.

அந்தச் சத்தத்தை எழுத முடியாது. சந்தையே வெளியே ஓடியது. கக்கூஸ் கோப்பைக் கடைக்காரன் கோப்பையைத் தூக்கிக்கொண்டே ஓடினான். நான் தீ என்று நினைத்து, கையில் இருந்த பெட்டியைக் காலில் போட்டுக்கொண்டேன். மூன்று நிமிடம். அணைத்தார். உட்கார்ந்தார். விதையை எடுத்தார். செக்யூரிட்டி கான், பெஷாவர்க்காரர், மூச்சிரைக்க ஓடி வந்து கத்தினார். "டெஸ்டிங்" என்றார் அந்தம்மா.

கால் வீங்கி நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். அப்போதுதான் சொன்னார். அவர் ஊர் சீனாவின் வடகிழக்கு. ஜப்பான்காரன் முதலில் வந்து பிடித்தது அந்தப் பக்கத்தைத்தான். வந்த நாள் இந்த நாள். அவர்கள் ஊரில் இன்றைக்கும் இந்தத் தேதியில் நகரம் முழுக்க சைரன் அலறும். கார்கள் நின்று ஹாரன் அடிக்கும். அங்கே ராத்திரி ஆகும்போது இங்கே சாயங்காலம்.

"என் அப்பாவுக்கு அண்ணன். காட்டுக்குப் போனான், ஜப்பான் கூடச் சண்டை. பனி. சாப்பாடு மாஃபி. மரத்தோல் தின்றான். வீட்டுக்கு வரவில்லை. உடம்பு வரவில்லை. செத்த நாள் யாருக்கும் தெரியாது. அதனால் ஜப்பான் வந்த நாள்தான் அவன் நாள்."

"அதுக்கு இப்படியா அலற விடறது? ஒரு ஊதுவத்தி கொளுத்தலாமே."

"ஊதுவத்தி பக்கத்து வீட்டுக்குக் கேட்காது" என்றார்.

துபாய் சத்வா பேட்டையில் எங்கள் ரூமில் இதைச் சொன்னேன். நாகர்கோவில்காரர் ஒருவர் கட்டிலில் புரண்டுபுரண்டு சிரித்தார். "லேய் மக்கா, செத்தவனுக்கு சைரனா? ஒனக்க சீனாக்காரி ஆம்புலன்ஸ் கம்பெனியில பொறக்க வேண்டியவளாக்கும்." நானும் சிரித்தேன். பிறகு தூக்கம் வரவில்லை. காரணம், என் வீட்டுக் கதை.

எங்கள் ஊர் அறந்தாங்கிப் பக்கம். வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட ஒரே ஒரு படம் உண்டு. என் தாத்தா. மலாயாவுக்குப் போய், அங்கே வெள்ளைக்காரனை விரட்ட ஜப்பான்காரன் துணையோடு கிளம்பிய பட்டாளத்தில் சேர்ந்து, காக்கி உடுப்போடு திரும்பியவர். தியாகி. தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். அவரும் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தார். அவரை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். காடு, காலரா, அடி. அவர் திரும்பவில்லை. அவருக்குப் படம் இல்லை. அவர் அனுப்பிய காசில் வாங்கிய நிலம் மட்டும் இருக்கிறது. அதற்கு மலாயாக் கொல்லை என்று பெயர். நிலத்துக்குப் பெயர் இருக்கிறது, பாருங்கள்.

இதை அடுத்த லோடின்போது அந்தம்மாவிடம் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் பிடித்தது வேறு இடத்தை.

"உன் தாத்தா ஜப்பான் ஆளா?"

"ஜப்பான் ஆள் இல்ல. வெள்ளைக்காரனுக்கு எதிரி."

"ஜப்பான் கூட நின்றானா, இல்லையா?"

"நின்னாரு. நாட்டுக்காக."

"ஏறக் கூடாத வண்டியில் ஏறினான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க ஊருக்கு ஜப்பான்காரன் வந்தான், எங்க ஊருக்கு வெள்ளைக்காரன் வந்தான். இருநூறு வருஷம். நீங்க யாரு எங்க தாத்தாவச் சொல்ல?" என்று தமிழிலேயே கத்தினேன். ஒரு சொல் புரிந்திருக்காது. ஆனால் கத்தலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். ஒரு மாதம் எனக்கு லோடு கிடையாது. பிறகு அவரே கான் மூலம் சொல்லி அனுப்பினார். போய் நின்றேன்.

"உன் தாத்தா உன் கணக்கு. நான் பேசவில்லை" என்றார். "அண்ணன். ரயில் போட்டுச் செத்தவன். அவன் பெயர் என்ன?"

"தெரியாது. மலாயாக்காரர்னு சொல்வாங்க."

"செத்த நாள்?"

"அதுவும் தெரியாது."

அந்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். என் வண்டியின் மூக்கைப் பார்க்கும் அதே பார்வை. "பெயர் மாஃபி. நாள் மாஃபி. நிலம் இருக்கு" என்றார். லோடு ஏற்றப் போனேன்.

அடுத்த செப்டம்பர் நோன்பு மாதத்தில் வந்தது. சாயங்காலம், நோன்பு திறக்க இன்னும் ஒரு மணி நேரம். சந்தைக்குப் பின்னால் மூட்டை தூக்குகிறவர்கள் பழத்தையும் தண்ணீரையும் முன்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். சைரன் அலறியது. பாங்கு சத்தம் எட்டாத மூலை அது. நோன்பு திறக்கத்தான் ஊதுகிறார்கள் என்று நினைத்து நாலைந்து பேர் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுவிட்டார்கள்.

கான் ஓடி வந்தார். கண் சிவந்திருந்தது. "மேடம்! உன்னால் இத்தனை பேர் நோன்பு போச்சு! நாளெல்லாம் பட்டினி கிடந்தவன் மேடம் இவன்! அல்லாவுக்கு நீயா பதில் சொல்வாய்?"

அந்தம்மா வெலவெலத்துப்போனார். அவரை அப்படிப் பார்த்தது அன்றுதான். பட்டினி என்ற சொல் அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய் அந்தச் சுமைக்காரர்கள் முன்னால் குனிந்தார். அவர்களில் வயதான ஒருவர், "தெரியாமல் செய்தால் பாவமில்லை, விடுங்கள்" என்றார். சந்தை நிர்வாகம் விடவில்லை. சந்தைக்குள் இன்னொரு தடவை சைரன் கேட்டால் கடைக்குப் பூட்டு என்று ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டது.

"சந்தைக்குள்தானே கூடாது?" என்றார் அந்தம்மா. அதற்கடுத்த வருடம் கையால் சுற்றும் சைரனைப் பையில் போட்டுக்கொண்டு, சந்தைக்குப் பின்னால் மணலில் வெகுதூரம் நடந்து போய்த் தனியாகச் சுற்றினார். ஒட்டகங்கள் கேட்டிருக்கும்.

பிறகு ஊரே படுத்தது. கட்டிக்கொண்டிருந்த கட்டடங்கள் பாதியில் நின்றன. விமான நிலையத்தில் கார்களைச் சாவியோடு போட்டுவிட்டு ஓடினார்கள் என்று பேசிக்கொண்டார்கள். கட்டடம் இல்லாத ஊரில் தீ மணி யாருக்கு வேண்டும்? விளக்குக் கடைக்காரன் முதலில் மூட்டை கட்டினான். அந்தம்மா கடையில் மாதக்கணக்கில் வியாபாரம் இல்லை. வாடகை நிற்கிறது. இந்த மாதம் ஒரு பெரிய ஆர்டர் வராவிட்டால் ஊருக்குப் போக வேண்டியதுதான் என்றார். எனக்கும் லோடு இல்லை.

ஊரில் நிற்காமல் நடந்த வேலை ஒன்றே ஒன்று. மெட்ரோ ரயில். அந்த ரயில் யார்டுக்கு நான் ஒரு தடவை கம்பி இறக்கப் போனபோது, ஒரு எஞ்சினியர் ஆள் கூப்பிடும் சைரன் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். சின்னக் கண், மஞ்சள் தோல், அமைதியான ஆள். சீனர் என்று நினைத்தேன். வடக்கத்தியார் நம்மை எல்லாம் மதராசி என்பது போல எனக்கு அவர்கள் எல்லாம் சீனர். "சார், உங்க ஊரம்மா ஒருத்தங்க கடை இருக்கு, கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். தனக்கு வெள்ளிக்கிழமைதான் ஒழியும் என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அம்மாவிடமிருந்து போன். மகாளய அமாவாசை. தம்பி கோடியக்கரைக்குப் போய் எள்ளும் தண்ணீரும் விட்டு வந்தானாம். "மலாயாக்காரருக்கு விட்டானா?" என்றேன். "ஐயரு பேரு கேட்டாராம். பேரு யாருக்குத் தெரியுது? நாளு தெரியாதவுகளுக்குத்தான் இந்த அமாவாசை. பேரு தெரியாதவுகளுக்கு என்ன செய்யிறது?" என்றார் அம்மா.

சாயங்காலம் எஞ்சினியரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். மறுபடியும் நோன்பு மாதம், சந்தையில் ஆளில்லை. அந்தம்மா கைச் சைரனைப் பையில் போட்டுக்கொண்டு, கழுத்துவரை பொத்தான் போட்டு, மணலுக்குப் போகக் கிளம்பி நின்றார். அப்போதுதான் எனக்குத் தேதி உறைத்தது.

"மேடம், பெரிய ஆர்டர். மெட்ரோ. உங்க ஊர்க்காரர்" என்றேன்.

அந்தம்மா சீனத்தில் வரவேற்றார். எஞ்சினியர் விழித்தார். சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். அந்தம்மாவும் இரண்டு கையால் வாங்கிப் படித்தார். சீனர் எழுத்தைத்தான் அவர் ஊரிலும் எடுத்து எழுதுகிறார்களாம். அதனால் அந்தம்மா அந்தப் பெயரைச் சீனத்தில் சத்தமாகப் படித்தார். தன் பெயர்தான் அது என்று எஞ்சினியருக்கே புரியவில்லை.

அந்தம்மா என் பக்கம் திரும்பினார். "ஜப்பான்" என்றார். வண்டி மாறினதா என்று கேட்கும் குரல்.

கடிகாரத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். மணலுக்குப் போனால் கடை போகும். நின்றால் நாள் போகும். எஞ்சினியர் இது எதுவும் அறியாமல், சுவரில் இருந்த சிவப்பு சைரனிடம் போனார். பையிலிருந்து சத்தம் அளக்கும் கருவியை எடுத்தார். "இதைப் போட்டுக் காட்ட முடியுமா? கொஞ்ச நேரம் விட்டு அடித்தால்தான் அளவு சரியாகத் தெரியும்" என்றார். அவர் இங்கிலீஷை நான் இந்தியில் சொன்னேன்.

"எவ்வளவு நேரம் என்று கேள்" என்றார் அந்தம்மா.

கேட்டேன். எஞ்சினியர் கருவியைப் பார்த்தபடி, "மூன்று நிமிடம் போதும்" என்றார்.

நான் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. அவர் சொன்னது அதுதான். அந்தம்மா மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அந்த நேரம் வரும்வரை அசையாமல் நின்றார். பிறகு ஸ்விட்சைப் போட்டார்.

கண்ணாடி அதிர்ந்தது. அந்தம்மா தலை குனிந்து நின்றார். எஞ்சினியர் ஆடாமல் நின்றார், கண் கருவியில். பாதியில் அவர் கண் அந்தம்மா பக்கம் போனது. சுவரிலிருந்த நாள்காட்டிக்குப் போனது. பிறகு திரும்பவும் கருவிக்கு. நான் என்ன செய்தேன் என்றால், நானும் குனிந்தேன். எதற்கு என்று யோசிக்கவில்லை.

கான் ஓடி வந்தார். கையில் பூட்டே இருந்தது. எஞ்சினியர் ஒரு கையை உயர்த்தித் தடுத்தார். சத்தம் நின்ற பிறகு, "நான்தான் அடிக்கச் சொன்னேன். என் சோதனை" என்றார். கோட்டு சூட்டு போட்ட ஆள், மெட்ரோ கார்டு. கான் பூட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு சலாம் வைத்தார். போகும்போது, "பின்பக்கத்தில் யாராவது பழம் தின்றானா பார்க்கிறேன்" என்று முணுமுணுத்தார்.

எஞ்சினியர் அந்தம்மாவைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தார். ஜப்பான்காரர்கள் கதவு திறந்து விட்டவனுக்கும் குனிவார்கள். இது அந்தக் குனிவா, வேறா? தெரிந்து குனிந்தார் என்றால் நல்ல மனுஷன். தெரியாமல் குனிந்தார் என்றால் ஆட்டம் முழுக்க அந்தம்மாவுடையது. அந்தம்மா பதிலுக்குக் குனியவில்லை.

ஆர்டர் பேசினார்கள். கடையில் இருந்த சைரன் அத்தனையும் வேண்டும். கடைசியாக எஞ்சினியர் கேட்டார், பராமரிப்பு எப்படி?

அந்தம்மா யோசிக்கவே இல்லை. "வருஷத்துக்கு ஒரு தடவை அடிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக. இதே தேதி, இதே நேரம், மூன்று நிமிடம். ஒரு வருஷம் விட்டாலும் கேரண்டி கல்லாஸ், முடிந்தது" என்றார்.

நான் சொன்னேன். "ஏன் இதே தேதி?" என்றார் எஞ்சினியர்.

"ஒரு தேதி வேண்டும் அல்லவா? தேதி இல்லாவிட்டால் மறந்துபோகும்."

எஞ்சினியர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். ஜப்பான்காரன் குறித்துக்கொண்டால் நடக்கும். அது அந்தம்மாவுக்கும் தெரியும். எவ்வளவு வெறுத்தாரோ அவ்வளவு தெரியும்.

சைரன்கள் என் ஜப்பான் வண்டியில் போயின. மாட்டிக் காட்ட அந்தம்மா பஸ்ஸில் வந்தார்.

மறு வருடம் அதே தேதியில் நான் யார்டுக்குப் போனேன். லோடு இல்லை. சும்மாதான் போனேன். வேலிக்கு வெளியே, வெயிலில், கழுத்துவரை பொத்தான் போட்டு அந்தம்மா நின்றுகொண்டிருந்தார். நேரம் வந்தது. ஒரு நொடி பிசகவில்லை. ஜப்பான்காரன் போட்ட தண்டவாளம், ஜப்பான் ரயில் பெட்டிகள், அத்தனைக்கும் நடுவே சீனத்துச் சைரன்கள் எல்லாம் சேர்ந்து அலறின. உள்ளே ஆட்கள் வரிசையாக வந்து நின்று தலை எண்ணிக்கை கொடுத்தார்கள். அவர்களுக்கு அது பயிற்சி.

சத்தம் பாதியில் இருக்கும்போது அந்தம்மா என் தோளைத் தட்டி, காதில் கத்தினார்: "முதல் பாதி என் ஆள். இனிமேல் உன் ஆள். ரயில்காரன்."

நான் குனிந்து நின்றேன். நினைத்துக்கொள்ள ஒரு பெயர் வேண்டியிருந்தது. தேடினேன். மலாயாக் கொல்லைதான் வந்தது. வரப்பும் கிணறும்.

நின்றது. "பெயர் கிடைத்ததா?" என்றார்.

"இல்ல மேடம்."

"அடுத்த வருஷம் பெயரோடு வா" என்றார். திட்டுகிற மாதிரி. எனக்கு அவர் முகம் வெயிலில் கறுத்திருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

"பஸ் நிறுத்தம் தூரம். இன்னிக்கு ஒரு நாள் ஏறுங்க, மேடம்."

அந்தம்மா முன்பக்கம் போய் வண்டியின் மூக்கைப் பார்த்தார்.

"மாறவில்லை" என்றார். நடந்தார்.

நான் வண்டிக்குள் உட்கார்ந்து ஊருக்குப் போன் போட்டேன். "அம்மா, தாத்தாவோட அண்ணன், அந்த மலாயாக்காரரு பேரு என்னன்னு யாரையாச்சும் விசாரிச்சுச் சொல்லும்மா."

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"ஏம்ப்பா, கொல்லைப் பத்திரத்துல ஏதும் வில்லங்கமா?"